நூற்றுப்பத்து நிமிடச் சாலை

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில் விடியற்காலை ஐந்தரைக்கே கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்துவிடும். ஆறரையைத் தாண்டினால் அவற்றின் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து சி.டி.எச். சாலை வழியாகத் திருமுல்லைவாயலைக் கடந்து ஆவடியில் அத்தையை ஏற்றிக்கொண்டேன். மாமா டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த தொழிற்சாலை அது. அந்தப் பெருமையை இன்னும் விடாதவர். வாசல் வரை வந்து, “பார்த்து ஓட்டுப்பா, பள்ளம் நிறைய இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

அத்தைக்கு லிம்போமா என்று டாக்டர்கள் சொல்லும் நெறிக்கட்டிப் புற்று. இரண்டு சுற்று கீமோ முடிந்திருந்தது. மருந்து கேட்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். போரூர் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் ஏழரைக்குள் இருக்க வேண்டும். ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

“ஊசியில என்னடா இருக்கு?” பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது கேட்டார்.

“சக்கரைதான் அத்தை.”

“எனக்குத்தான் ஏற்கெனவே சக்கரை இருக்கே. அதுக்கு மேல எதுக்கு?”

அந்தச் சர்க்கரையில் ஒட்டிக்கொண்டு வருவது எதிர்ப்பொருள் என்பதை எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். எதிர்ப்பொருள் என்றால் ஜெனீவாவில் பூமிக்கடியில் செய்வது, சினிமாவில் வெடிப்பது என்றுதான் பலருக்கும் நினைப்பு. அது ஒவ்வொரு நாள் காலையும் ஈயப் பெட்டியில் வந்து நம் புறநகரில் இறங்குகிறது. மனிதர்கள் செய்யும் பொருள்களில் சேமித்து வைக்க மிகக் கடினமானது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1928-ல் பால் டிராக் எலெக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். அதே நிறையும் எதிர் மின்னூட்டமும் கொண்ட ஒரு துகள் இருந்தாக வேண்டும் என்று அதிலிருந்து தெரியவந்தது. 1932-ல் கார்ல் ஆண்டர்சன், வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களின் தடங்களில் அதைக் கண்டுபிடித்தார். அதுதான் பாசிட்ரான். எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் விதத்தைக் கணக்கிட்டவர் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த நம் ஹோமி பாபா. அந்தச் சிதறலுக்கு இன்றும் உலகம் முழுக்க அவர் பெயர்தான். காஸ்மிக் கதிர்கள் வழியாக எதிர்ப்பொருள் இப்போதும் நம் தலைமேல் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தக் கதிர்களிலிருந்து பிறந்து தரையை எட்டும் மியூவான் துகள்களில் பாதிக்குச் சற்று மேல் நேர் மின்னூட்டம் கொண்ட எதிர் மியூவான்கள். ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் அந்த மியூவான்களை எண்ணி எண்ணியே 2014 டிசம்பரில் ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தத்தை அளந்தது. 130 கோடி வோல்ட்!

கிடைப்பது இருக்கட்டும், வைத்துக்கொள்வது எங்கே? பாசிட்ரான் எந்தப் பொருளைத் தொட்டாலும் அங்குள்ள ஓர் எலெக்ட்ரானோடு சேர்ந்து இரண்டும் அழிந்துபோகும். புட்டியில் வைத்தால் புட்டி பொருள், காற்றில் விட்டால் காற்று பொருள். ஆகவே எதையும் தொடாமல் வெற்றிடத்தின் நடுவில் மிதக்கவிட வேண்டும். வலிமையான காந்தப்புலம் பக்கவாட்டில் போகாமல் தடுக்கும், மின்புலம் இரு முனைகளிலும் தடுக்கும். பென்னிங் பொறி என்பது இதுதான். சுற்றிலும் திரவ ஹீலியத்தின் குளிர் வேண்டும். வெற்றிடமும் சாதாரண வெற்றிடமாக இருந்தால் போதாது, மிச்சமிருக்கும் ஒற்றை வாயு அணுகூட எதிரிதான். அதோடு, ஒரே மின்னூட்டம் கொண்டவை என்பதால் உள்ளே இருக்கும் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும். நிறையச் சேர்க்கப் பார்த்தால் பொறியே தாங்காது.

எதிர்ப்புரோட்டானும் பாசிட்ரானும் சேர்ந்த, மின்னூட்டம் இல்லாத எதிர் ஹைட்ரஜனைப் பிடிப்பது இன்னும் சிரமம். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ஆல்ஃபா குழு 2010-ல் 38 எதிர் ஹைட்ரஜன் அணுக்களைப் பிடித்தது. ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம். அடுத்த ஆண்டு அதை 1,000 நொடிகளுக்கு நீட்டினார்கள். அங்கேயே பேஸ் குழு எதிர்ப்புரோட்டான்களை 405 நாள் அழியாமல் காத்தது. அதைப் படித்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் உற்பத்தியின் கணக்கு பரிதாபமானது. சுமார் பத்து லட்சம் மோதல்களுக்கு ஒரு எதிர்ப்புரோட்டான் என்ற அளவில்தான் தேறும். ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு சேர்ந்தால் ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் வரும் என்பது உண்மைதான். செர்னில் இதுவரை செய்த அத்தனை எதிர்ப்பொருளையும் ஒன்றாக எரித்தாலும் ஒரு பல்பு சில நிமிடம் எரியும், அவ்வளவுதான் என்பதும் உண்மை. அதனால் குண்டுக் கதைகளில் எனக்கு அக்கறை இல்லை.

காடுவெட்டிப் பாலத்தில் கூவத்தைக் கடக்கும்போது ஒரு லாரி எங்களை ஒட்டி உரசுகிற மாதிரி போயிற்று. லாரியைப் பார்த்ததும் 2024 அக்டோபரில் செர்னில் நடந்த அந்தப் பயணம் நினைவுக்கு வந்தது. எதிர்ப்புரோட்டான்களை வேறு ஊர் ஆய்வகங்களுக்கு எடுத்துப்போக வேண்டும் என்பது பேஸ் குழுவின் கனவு. அதற்காக மீக்கடத்திக் காந்தமும் ஹீலியமும் மின்கலங்களுமாக ஒரு டன் எடையில் ஒரு பொறியைச் செய்து லாரியில் ஏற்றி, தங்கள் வளாகத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார்கள். ஒத்திகைதான் என்பதால் உள்ளே இருந்தவை சாதாரணப் புரோட்டான்கள், எழுபது. குலுங்கல், வளைவு, வேகத்தடை எல்லாவற்றையும் தாண்டி எழுபதும் பத்திரமாக வந்து சேர்ந்தன. போக வேண்டிய ஊர்களில் ஒன்று ஜெர்மனியின் டுஸல்டார்ஃப். எட்டு மணி நேரத்துச் சாலை. வழியில் காந்தம் சூடாகிவிடாமல் இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கவலை.

சென்னைக்குள் எதிர்ப்பொருள் பயணிக்கும் விதம் முற்றிலும் வேறு. இங்கே யாரும் பாசிட்ரானைச் சேமிப்பதில்லை, அதைப் பிறப்பிக்கப் போகும் அணுக்கருவைச் சேமிக்கிறார்கள். கனமான ஆக்ஸிஜன் கொண்ட சில மில்லிலிட்டர் தண்ணீரை சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் வைத்து வேகமான புரோட்டான்களால் தாக்குவார்கள். ஆக்ஸிஜன்-18 ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு ஒரு நியூட்ரானைத் துப்பி ஃப்ளூரின்-18 ஆகும். அதைக் குளுக்கோஸ் மூலக்கூறில் ஓர் ஆக்ஸிஜனின் இடத்தில் பொருத்தினால் எஃப்.டி.ஜி. தயார். புட்டிக்குள் இருக்கும்போது அது தெளிந்த நீர் மாதிரி ஒரு திரவம்தான். ஒவ்வொரு அணுக்கருவும் தன் நேரம் வரும்போது பாசிட்ரானை வெளியிடும். காந்தமும் வேண்டாம், ஹீலியமும் வேண்டாம். 1976-ல் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்திய எஃப்.டி.ஜி.யும் பயணம் செய்தே வந்தது. நியூயார்க் அருகே ப்ரூக்ஹேவனில் செய்து பிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். இந்தியாவில் மருத்துவத்துக்கான முதல் சைக்ளோட்ரான் மும்பை பரேலில் 2002-ல் ஓடத் தொடங்கியது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். புட்டியைத் திறந்தாலும் மூடினாலும் 110 நிமிடத்தில் பாதி போய்விடும்.

“ஐஸ் மாதிரின்னு சொல்லு” என்றார் அத்தை. ஆமாம், பெட்டியில் என்ன போட்டு மூடினாலும் உருகும் ஐஸ்.

செந்நீர்க்குப்பம் தாண்டிப் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் திரும்பியதும் வண்டி நின்றுவிட்டது. கரையான்சாவடி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் என்று போரூர் வரை நெடுக மெட்ரோ தூண்கள். இரண்டு பக்கமும் சாலை சுருங்கி, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் தண்ணீர் லாரியும் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. கையில் மணி பார்த்துக் கணக்குப் போட்டேன். இந்தச் சாலையில் அரை மணி நேரம் நின்றால் புட்டியிலிருந்து ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஒரு மணி நேரம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு மணி நேரத்தில் பாதிக்கும் மேல். வழியில் கரைவதைக் கணக்கிட்டு சைக்ளோட்ரானில் முன்கூட்டியே அதிகம் செய்து அனுப்புவார்கள். 110 நிமிடத் தொலைவில் இருப்பவருக்கு 10 மில்லிக்யூரி போட வேண்டுமானால் புறப்படும்போது 20 இருக்க வேண்டும். கூடுதலாகச் செய்வதற்கு நேரமும் மின்சாரமும் பணமும் ஆகிறது, எடுத்துவரும் ஓட்டுநரின் பக்கத்தில் கதிரியக்கமும் கூடுகிறது. செர்னில் வெற்றிடத்துக்குப் படும் பாட்டை இங்கே போக்குவரத்துக்குப் படுகிறார்கள்.

ஏழரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். மருந்துதான் வரவில்லை.

ஸ்கேன் பிரிவின் வெளிக்கூடத்தில் ஏழெட்டுப் பேர் காலி வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா திருத்தணிக்கும் அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர், மகனுக்காக. முந்தின இரவே கிளம்பி ஸ்டேஷனில் தங்கி, முதல் வண்டி பிடித்து வந்திருந்தார்கள். பையன் கால்களை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். “இன்னும் டோஸ் வரல, வண்டி வந்துக்கிட்டு இருக்கு” என்று செவிலியர் சொன்னபோதெல்லாம் அந்த அம்மா என்னைப் பார்த்தார். மருந்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். நகரின் இன்னொரு பக்கத்திலிருந்து என்றேன். “நாங்க அம்மாந்தூரத்திலேர்ந்து வந்துட்டோமே” என்றார், குறையாக இல்லாமல் கணக்காக.

அவர் சொன்னது எனக்குள் தைத்தது. எதிர்ப்பொருள் பயணப்படும் தூரத்தைவிட நோயாளிகள் பயணப்படும் தூரம் நீளம். அரக்கோணம், திருத்தணி, ஊத்துக்கோட்டை என்று மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வந்து, முப்பது நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து வரும் ஒரு புட்டிக்காகக் காத்திருக்கிறார்கள்.

எட்டேகாலுக்கு வண்டி வந்தது. மஞ்சள் நிறக் கதிரியக்கச் சீட்டு ஒட்டிய பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து இருவர் உள்ளே கொண்டுபோனார்கள். பெட்டி பெரிதில்லை, ஆனால் தூக்கிய கைகளில் கனம் தெரிந்தது, உள்ளே ஈயம். அது போன கதவையே கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தைக்கு முதலில் விரல் நுனியில் சர்க்கரை பார்த்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை அதிகம் இருந்தால் செல்கள் எஃப்.டி.ஜி.யை எடுத்துக்கொள்ளாது, படம் மங்கும். பிறகு ஊசி, அதன் பிறகு ஒரு மணி நேரம் மங்கலான அறையில் படுக்கை. பேசக் கூடாது, நடக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. தசை அசைந்தால் தசை சர்க்கரையைத் தின்றுவிடும். பேசாமல் இருப்பதுதான் அத்தைக்கு ஊசியைவிடக் கஷ்டம். ஆனால் இருந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் உடலுக்குள் நடப்பதுதான் இந்த வைத்தியத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம். பசித்திருக்கும் புற்றுச் செல் சாதாரண செல்லைவிட அதிகமாகச் சர்க்கரையை இழுக்கும். எஃப்.டி.ஜி. சர்க்கரை வேடத்தில் உள்ளே போகும். செல் வழக்கம்போல் அதில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கும். அடுத்த படிக்குத் தேவையான ஆக்ஸிஜன் அந்த இடத்தில் இல்லை, ஃப்ளூரின் இருக்கிறது. ஆகவே மேலும் செரிக்கவும் முடியாது, பாஸ்பேட் ஒட்டிவிட்டதால் வெளியே போகவும் முடியாது. உள்ளேயே தங்கிவிடும். செர்னில் காந்தத்தால் செய்ததை இங்கே செல்லின் நொதியே செய்துவிடுகிறது. ஃப்ளூரின் பாசிட்ரானை வெளியிட்டதும் மறுபடி ஆக்ஸிஜன்-18 ஆகிவிடும். மூலக்கூறு பழையபடி குளுக்கோஸாகி, செல் அதை வழக்கமான சர்க்கரையாகச் செரித்துவிடும். தண்ணீரில் இருந்த ஆக்ஸிஜன் ஃப்ளூரினாகி, நம் கழுத்துக்குள் வந்து மறுபடி ஆக்ஸிஜனாவதை முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியேறிய பாசிட்ரான் சராசரியாக ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. திசுவில் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து அழியும். அழிந்த இடத்திலிருந்து 511 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கொண்ட இரண்டு காமாக் கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் கிளம்பும். வளையம் போல் சூழ்ந்திருக்கும் படிகங்களில் நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் இரண்டும் பட்டால், அவற்றை இணைக்கும் கோட்டில் எங்கோ அந்த அழிவு நடந்தது என்று பொருள். இப்படி லட்சக்கணக்கான கோடுகள் குறுக்கிடும் இடத்தில் கட்டி தெரியும்.

அத்தைக்குப் போட்டது 10 மில்லிக்யூரி. நொடிக்கு 37 கோடி அணுக்கருக்கள் சிதையும் அளவு. செர்னின் எதிர்ப்புரோட்டான் வேகக்குறைப்பி சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தருவது ஏறக்குறைய 3 கோடி எதிர்ப்புரோட்டான்கள். எதிர்ப்புரோட்டான் பாசிட்ரானைவிட 1,836 மடங்கு கனமானது, செய்வதும் பிடிப்பதும் வேறு வித்தை, இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் அந்த மங்கலான அறையில் படுத்திருந்த ஆவடிக்காரரின் உடலில் தொடக்கத்தில் நொடிக்கு முப்பத்தைந்து கோடிக்கு மேல் எதிர்த்துகள்கள் பிறந்துகொண்டிருந்தன. அத்தனைக்கும் மூலமான ஃப்ளூரினின் மொத்த எடை ஒரு நானோகிராமில் பத்தில் ஒரு பங்கு.

பன்னிரண்டு மணிக்குமேல் வெளியே விட்டார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், மாலை வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்க வேண்டாம் என்றார்கள். வீட்டில் மருமகள் ஆறு மாதம். அத்தை பின்சீட்டில் தள்ளி உட்கார்ந்துகொண்டார். முதலில் இட்லி, பிறகு பூந்தமல்லியில் வண்டியை நிறுத்தி வாழைப்பழம். அந்தப் பழத்திலும் பாசிட்ரான் உண்டு. அதிலுள்ள பொட்டாசியம்-40 ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒன்றை வெளியிடும். ஊசி போடாத நம் உடலிலும் அதே பொட்டாசியம் மணிக்கு நூற்றுக்குமேல் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது.

திரும்பும் வழியில் அத்தையின் உடலில் இன்னும் நொடிக்கு ஏறக்குறைய பத்துக் கோடி பாசிட்ரான் பிறந்துகொண்டிருந்திருக்கும். ஜெனீவா லாரி ஓர் எதிர்த்துகளும் இல்லாமல் ஒத்திகை பார்த்தது. பூந்தமல்லி–ஆவடி சாலையில் நாங்கள் காந்தமும் இல்லாமல் ஹீலியமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தோம், அதே காடுவெட்டிப் பாலத்தின் மேல். “இப்ப எங்கிட்ட இன்னும் இருக்கா அது?” என்று கேட்டார். இருக்கிறது, ராத்திரிக்குள் நூற்றில் ஒன்று இரண்டுதான் மிஞ்சும், நாளைக் காலையில் ஒன்றுமே இருக்காது என்றேன். “அப்ப நாளைக்கு அவள பக்கத்துல உட்கார வெச்சுக்கலாம்” என்றார்.

தாய் அணுக்கருவில் வைத்துச் சேமிக்கும் இந்த வழிக்கு வேறு நீளங்களும் உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் சோடியம்-22 வைத்திருக்கிறார்கள், அரை ஆயுள் 2.6 ஆண்டு. அதன் பாசிட்ரான்களை உலோகத்துக்குள் செலுத்தி, அணு இல்லாத வெற்றுக் குழிகளில் அவை எத்தனை பிக்கோநொடி கூடுதலாக வாழ்கின்றன என்று அளந்து, அணு உலைக்கான டைட்டானியம் கலந்த எஃகில் நுண்ணிய பழுதுகளைத் தேடுகிறார்கள். மருத்துவமனைகளுக்கு ஜெர்மானியம்-68 இருக்கிறது, 271 நாள். ஒரு சிறு கலத்தில் அதை வைத்திருந்தால் அதிலிருந்து பிறக்கும் காலியம்-68-ஐ அன்றாடம் கழுவி எடுத்துக்கொள்ளலாம். பிராஸ்டேட் புற்றுக்கும் சில நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கும் அது ஸ்கேனில் பயன்படுகிறது. பக்கத்தில் சைக்ளோட்ரான் தேவையில்லை. ஆனால் அத்தைக்கும் அந்தப் பையனுக்கும் வேண்டிய சர்க்கரைக்கு ஃப்ளூரின்தான்.

ஆகவே சாலை முக்கியம், ஸ்கேனரை எங்கே வைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். அதிகாலை நான்கு மணிக்கு நகரத்து சைக்ளோட்ரானிலிருந்து புறப்படும் புட்டி, சாலை காலியாக இருக்கும் அந்த நேரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் திருவள்ளூர் போய்விடும். கையில் பாதிக்குமேல் மருந்து மிஞ்சியிருக்கும். திருவள்ளூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அங்கே ஒரு பெட் ஸ்கேனர் ஓடினால், திருத்தணிப் பக்கத்துக்காரர்கள் ராத்திரியே கிளம்பி ஸ்டேஷனில் படுக்க வேண்டியதில்லை. ஃப்ளூரின் இழக்கும் பாதியை சைக்ளோட்ரான் இன்னும் கொஞ்ச நேரம் ஓடி ஈடுகட்டிவிடும். கீமோவில் தளர்ந்த பத்தொன்பது வயசுப் பையன் வழியில் இழப்பதை எந்த இயந்திரத்தாலும் ஈடுகட்ட முடியாது. சேமிக்க முடியாத பொருளை நேரக் கணக்கு வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகும் திறமை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்கேனர் வாங்கி வைப்பதும், அதை ஓட்ட மருத்துவரையும் தொழில்நுட்பரையும் அமர்த்துவதும்தான் பாக்கி.

அத்தையின் அறிக்கை இரண்டு நாளில் வந்தது. கழுத்துக் கட்டியில் சர்க்கரை ஏற்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது, மருந்து கேட்கிறது. கீமோ முடிந்ததும் இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்கு முதல் ஆளாகப் பேர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். திருத்தணி அம்மாவையும் அதே வாரத்தில்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார், மருந்து வண்டி கிளம்பிவிட்டதா என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்ல.